விடை பத்தியில் இல்லை

‘மிலுகன் தொவட்டையில் நொகுந்தான். அவன் கையில் பெரிய பிறுஞ்சி ஒன்று இருந்தது. அதைக் கண்டு ஊரார் சிணைந்தனர்.’

பத்தியைப் படித்தாயிற்றா? இனி விடையளியுங்கள். மிலுகன் எதில் நொகுந்தான்? அவன் கையில் என்ன இருந்தது? ஊரார் ஏன் சிணைந்தனர்? தொவட்டையில், பிறுஞ்சி, பிறுஞ்சியைக் கண்டதால். மூன்றுக்கு மூன்று. மிலுகனும் தொவட்டையும் பிறுஞ்சியும் இந்தத் தலையங்கத்துக்காக நாம் இட்டுக்கட்டியவை. பொருள் என்று அவற்றுக்கு ஒன்றும் கிடையாது. ஆனாலும் விடை தவறவில்லை. ‘எதில்’ என்று கேட்டால் ‘இல்’ ஒட்டிய சொல்லைத் தூக்கி எழுதினால் போதும். வேற்றுமை உருபே விடையை எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

நம் தொடக்கப் பள்ளித் தேர்வுகளில் வரும் ‘பத்தியைப் படித்து விடையளி’ பெரும்பாலும் இந்த ரகம்தான். கேள்வியிலுள்ள சொல்லைப் பத்தியில் தேடு, அந்த வரியைப் பார்த்து எழுது. பாதி புரியாத பிள்ளையும் முழு மதிப்பெண்ணோடு மேல் வகுப்புக்குப் போய்விடும். பிறகு ஆறாம் வகுப்பில் அறிவியல் ஏறவில்லை, வாக்கியக் கணக்கு என்றாலே முழிக்கிறான் என்று ஆசிரியர் அலுத்துக்கொள்வார். கோளாறு அறிவியலிலும் கணக்கிலும் இருக்காது.

‘பிரதம்’ அமைப்பு 2005 முதல் வெளியிட்டு வரும் ஏசர் அறிக்கை ஒவ்வொரு முறையும் நம் ஊரில் ஒரு சண்டையைக் கிளப்பும். கிராமப்புற வீடுகளுக்கே போய், பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்று படிப்படியாக வாசிக்கச் சொல்கிறார்கள். தமிழகத்தின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடிந்தவர்கள் 2022இல் 100க்கு 5 பேர்கூட இல்லை என்றது அறிக்கை. 2024இல் 12 பேர் அளவுக்கு ஏறியது. 2022இல் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் யார்? கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். 2021 நவம்பர் 1 அன்று பள்ளி திறந்தபோது நேராக இரண்டாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அதைச் சொல்லாமல் அந்த எண்ணை மட்டும் நீட்டி அரசைச் சாடுவது நியாயமில்லை. கணக்கெடுப்பே பொய் என்று தள்ளுவதும் நியாயமில்லை. இரு தரப்பும் பேசாத ஒன்று இருக்கிறது. அந்தத் தாள் அளப்பது, பிள்ளை தங்குதடையின்றி உரக்க வாசிக்கிறதா என்பதை. வாசித்தது புரிந்ததா என்பது தனிச் சங்கதி.

எழுத்து கற்பதை நாம் மட்டம் தட்டவில்லை. 247 எழுத்துகளையும் கண்ணுக்கும் நாக்குக்கும் பழக்குவது ஆறு வயதுப் பிள்ளைக்குச் சின்ன வேலையில்லை. 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அதைப் பாட்டாகவும் ஆட்டமாகவும் மாற்றப் பார்த்தது, வரவேற்கிறோம். ஆனால் அது பாதி வழிதான். 1986இல் ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஒரு வாய்பாடாகவே எழுதிக் காட்டினார்கள். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது, எழுத்தைக் கூட்டும் திறனையும் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது. கூட்டினால் வருவது என்று அவர்கள் சொல்லவில்லை. பெருக்கலில் ஒரு பக்கம் பூஜ்யமானால் மறுபக்கம் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

இப்போது வேறொரு பத்தி. ‘மேகம் கறுத்தது. பாட்டி முறத்தை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினாள்.’ பாட்டி ஏன் ஓடினாள்? விடை பத்தியில் இல்லை. வெயிலில் எதையோ காயப்போட்டிருக்கிறாள், மழை வந்தால் நனைந்துவிடும், அதை அள்ளத்தான் முறம் என்று மூன்றையும் பிள்ளையே இட்டு நிரப்ப வேண்டும். ‘வடாம் நனைஞ்சிரும்ல!’ என்று ஒரு பிள்ளை கத்தும். ‘எங்க வீட்ல மிளகாய்’ என்று இன்னொன்று திருத்தும். முறத்தையே பார்த்திராத அடுக்குமாடிப் பிள்ளை ‘மழை பாக்கப் போறாங்க’ என்று சொல்லும். ‘அப்போ முறம் எதுக்குடா?’ என்று ஆசிரியர் திருப்பிக் கேட்டால், முறம் எப்படி இருக்கும், அதில் எப்படிப் புடைப்பார்கள் என்று வகுப்பே கையை ஆட்டிக் காட்டும். முறம் என்ற சொல் அந்தப் பிள்ளைக்குச் சொந்தமாவது அந்த ஐந்து நிமிடத்தில்தான். பாடத்தின் கீழே ‘சொல் – பொருள்’ என்று கட்டம் கட்டி, ஐந்து முறை எழுதிவரச் சொல்வதில் அது நடக்காது.

சொல் என்பது அதன் பின்னாலிருக்கும் அனுபவமும் சேர்ந்ததுதான். 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 64 பேருக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் விவரிப்பைக் கொடுத்தார்கள். வாசித்ததை மரப் பொம்மைகளை நகர்த்தி ஆடிக்காட்டவும் சொன்னார்கள். வாசிப்பில் மட்டம் என்று பெயரெடுத்தவர்கள், ஆட்டம் தெரிந்திருந்தால், ஆட்டம் தெரியாத கெட்டிக்கார வாசகர்களை எளிதாக முந்தினார்கள். நம் வகுப்பறையில் ‘மக்கு’ என்று ஓரங்கட்டப்படும் பிள்ளைகளிடம் ஆடு, மீன், தறி, பட்டாசு என்று எத்தனை உலகங்கள் இருக்கின்றன! அவற்றைப் பற்றி அவர்களுக்கு வாசிக்க என்ன கொடுத்திருக்கிறோம்?

தமிழில் இன்னொரு மேடும் உண்டு. வீட்டில் ‘வந்தாங்க’, புத்தகத்தில் ‘வந்தார்கள்’. கதை வாசித்துக் காட்டும் வீட்டுப் பிள்ளைக்கு இந்த இரண்டாம் தமிழ் பள்ளிக்கு வருமுன்பே காதில் விழுந்திருக்கும். நூறு நாள் வேலைக்கும் மில் ஷிப்டுக்கும் ஓடும் பெற்றோரின் பிள்ளை அதை முதன்முதலில் பாடப்புத்தகத்தில்தான் சந்திக்கிறது. ஒசூர்ப் பக்கம் தெலுங்கு பேசும் பிள்ளைக்கும், நீலகிரியின் இருளர் பிள்ளைக்கும், திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர்களின் இந்தி, ஒடியா பேசும் பிள்ளைக்கும் இந்த மேடு இன்னும் செங்குத்து. இதற்குச் செலவில்லாத வழி ஒன்றுதான்: பெரியவர் ஒருவர் தினமும் கதையை உரக்க வாசித்துக் காட்டுவது, நடுநடுவே நிறுத்திப் பேசுவது. பிள்ளை தன் பேச்சுமொழியிலோ வீட்டுமொழியிலோ பதில் சொல்லட்டும். ‘சரியாப் பேசு’ என்று வாயை அடைக்காமல் இருந்தால் போதும்.

‘அமைதி’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு நடத்தும் வகுப்பில் இது நடக்காது. எனவே இரண்டு கோரிக்கைகளை வைக்கிறோம். முதல் மூன்று வகுப்புகளின் கால அட்டவணையில் தினமும் கால் மணி நேரம், ஆசிரியர் வாசிக்கவும் பிள்ளைகள் பேசவும் ஒதுக்கப்பட வேண்டும். அதற்குப் பதிவேடும் செயலியில் பதிவேற்றமும் கூடாது. தேர்வுத்தாளின் ஒவ்வொரு பத்திக்கும் கீழே, விடை பத்தியில் நேராக இல்லாத கேள்வி ஒன்றாவது இருக்க வேண்டும். அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளை ஏற்கும் உரிமை ஆசிரியருக்கு வேண்டும்.

அரசைக் கேட்பதோடு நம் கடமை முடியவில்லை. பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிநிலை வகுத்துச் சிறு நூல்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. எழுத்தாளர்கள் சிலரும் ஆசிரியர்கள் பலரும் அதில் உழைத்தார்கள். சிற்றிதழ் உலகம் என்ன செய்தது? அழ. வள்ளியப்பாவும் வாண்டுமாமாவும் ஆயுள் முழுக்க எழுதிய துறையை, இலக்கியத்தின் கொல்லைப்புறமாகவே நாம் நடத்திவந்திருக்கிறோம். நாவலுக்குப் பத்துப் பக்க விமர்சனம் போடும் இதழ்கள் சிறார் நூலுக்கு ‘வரப்பெற்றோம்’ பட்டியலில் ஒரு வரி கொடுத்தால் அதிகம். சில நூறு பிரதிகளை அச்சடித்துவிட்டு ‘வாசகர் இல்லை’ என்று புலம்பும் நாம், வாசகர் உருவாகும் வயதில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த இதழிலிருந்து நான்கு பக்கங்களை ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிறோம். கதை அனுப்புங்கள். கடைசி வரியில் நீதி வேண்டாம். உரையாடல் பேச்சுத்தமிழில் இருக்கட்டும். கடினமான சொல் வந்தால் பயந்து நீக்க வேண்டாம். சூழலிலிருந்து பிள்ளை ஊகிக்க இடம் வைத்தால் போதும். அனுப்புமுன் ஏழு வயதுப் பிள்ளை ஒன்றைப் பிடித்து உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். நடுவில் எழுந்து விளையாடப் போய்விட்டால் திருத்தி எழுதுங்கள். குறுக்கே புகுந்து கேள்வி கேட்டால் அந்தக் கேள்வியையும் சேர்த்து அனுப்புங்கள். கதைக்குக் கீழேயே அதையும் அச்சிடுவோம்.