பாட்டைப் பதிவு செய்தால் போதுமா? பாடியவரைக் கேட்டீர்களா?

இலத்தூரில் எனக்குத் தெரிந்த பாட்டி ஒருவர் இருக்கிறார். நடவுப் பாட்டு, கும்மிப் பாட்டு என்று நிறைய நினைவில் வைத்திருப்பவர். சென்ற ஆண்டு ஓர் இளைஞர் வந்து, பாட்டி பாடியதையெல்லாம் செல்போனில் பதிவு செய்தார். பாடிக்கொண்டே வந்த பாட்டி, கணவர் இறந்தபோது பாடிய ஒப்பாரியையும் பாடிவிட்டார். அடுத்த வாரம் அது இன்டர்நெட்டில் வந்தது. பேரன் காட்டியதும் பாட்டி கேட்டது இதுதான்: "ஏல, எழவு வீட்டுப் பாட்ட எதுக்குல ஊரு பூரா போட்டான்?"

அந்த இளைஞர் கெட்டவர் அல்ல. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நம்மில் பலரும் இதே தவறைச் செய்யக்கூடும்.

இது புதிய பிரச்னையும் அல்ல. 1907-08-ல் செலிக்மன் தம்பதியர் இலங்கையில் வேடர்களின் பாட்டுகளை மெழுகு உருளைகளில் பதிவு செய்து லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். ஆர்னால்ட் பாக்கே என்ற டச்சு அறிஞர் 1938-ல் தமிழகம், கேரளம், கர்நாடகப் பகுதிகளில் பதிவு செய்தார். 46 ஆண்டுகள் கழித்து, 1984-ல், நசீர் ஜைரஸ்பாயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளை அதே ஊர்களுக்கு எடுத்து வந்து போட்டுக் காட்டினார்கள். குருகிராமில் உள்ள இசை ஆவணக் காப்பகம் 1982-ல் தொடங்கப்பட்டது. வெளிநாடுகளில் உள்ள நம் பதிவுகளின் பிரதிகளை இந்தியாவுக்குக் கொண்டுவருவது அதன் வேலைகளில் ஒன்று.

சட்டம் என்ன சொல்கிறது? நம் காப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரித்தவருக்கு 60 ஆண்டுகள். பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகள். ஆனால் பாட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய சமூகத்துக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

"நாட்டுப்புறப் பாட்டு எல்லோருக்கும் பொதுதானே?" என்று கேட்கலாம். ஊர்க் குளமும் பொதுதான். அதற்காக வெளியூர் லாரி வந்து கேட்காமல் தண்ணீர் அள்ளினால் சும்மா இருப்போமா?

உரிமை கொடுப்பது நடக்காத காரியமும் அல்ல. 1987-ல் அகத்தியர் மலைக் காணிக்காரர்கள், ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் குணத்தை விஞ்ஞானிகளுக்குக் காட்டினார்கள். அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. அதன் உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவானது. அதற்காக 1997-ல் அறக்கட்டளையும் பதிவானது. செடிக்குச் செய்ததைப் பாட்டுக்கும் செய்யலாமே!

கம்ப்யூட்டரே இதற்கு உதவும். ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு பழங்குடியினரோடு சேர்ந்து உருவாக்கப்பட்ட 'முக்குர்த்து' என்ற இலவச சாஃப்ட்வேரில், எந்தப் பாட்டை யார் கேட்கலாம், எதைக் குடும்பத்தார் மட்டும் கேட்கலாம் என்று அந்தச் சமூகமே முடிவு செய்து வைக்கலாம்.

பதிவு செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பதிவு செய்யாவிட்டால் பல பாட்டுகள் பாட்டிகளோடு போய்விடும். செய்யும் முறைதான் முக்கியம்.

1. பாடுவதற்கு முன்பே, "இதை யாரெல்லாம் கேட்கலாம்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலையும் அதே ஃபைலில் பதிவு செய்யுங்கள்.

2. ஃபைலுக்கு ஊர், தேதி, பாட்டின் வகை, அவர் சம்மதித்தால் பாடியவர் பெயர் ஆகியவற்றைக் கொடுத்து சேவ் செய்யுங்கள். 'நியூ ஃபைல் 12' என்றிருந்தால் நாளை உங்களுக்கே புரியாது.

3. ஒரு காப்பியை மெமரி கார்டிலோ பென் டிரைவிலோ போட்டுப் பாடியவரிடம் கொடுங்கள். அவர் வீட்டில் அதைக் கேட்க வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

4. வீடியோ தளத்தில் ஏற்றும்போது 'பப்ளிக்' என்பதை உடனே கிளிக் செய்யாதீர்கள். சம்மதம் கிடைக்கும்வரை 'பிரைவேட்' என்றே இருக்கட்டும். யாராவது ஒருவர் டவுன்லோடு செய்துவிட்டால், பிறகு நீங்கள் அழித்தாலும் அது திரும்பி வராது.

இலத்தூர் இளைஞர் அந்த ஒப்பாரியை நீக்கிவிட்டார். நடவுப் பாட்டுகளைப் பாட்டியின் சம்மதத்தோடு வைத்திருக்கிறார். ஆனால் அந்த ஒரு வாரத்தில் எத்தனை பேர் ஒப்பாரியை எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்பது அவருக்கும் தெரியாது, பாட்டிக்கும் தெரியாது.

அடுத்த முறை ரெக்கார்டு பட்டனை அழுத்தும் முன் ஒரு நிமிடம் கேளுங்கள். அதற்கு எந்த சாஃப்ட்வேரும் தேவையில்லை.