பனி கொட்டும் ஜனவரியிலும் கீரை அறுவடை... புது விவசாயிகளுக்கு ‘ஹை டனல்’ நடத்தும் பாடம்!

வெளியே பனி கொட்டிக்கிடக்கிறது. இரவு வெப்பநிலை மைனஸ் 15 டிகிரி வரை இறங்குகிறது. ஆனால், பிளாஸ்டிக் குடில் ஒன்றுக்குள் ஸ்பினாச் கீரை பச்சைப் பசேலென்று அறுவடைக்குத் தயாராக நிற்கிறது. உள்ளே ஹீட்டர் கிடையாது. கண்ணாடிச் சுவரும் கிடையாது. வளைத்த இரும்புக் குழாய்களும், மேலே போர்த்திய ஒரு பிளாஸ்டிக் ஷீட்டும்தான் மொத்தக் கட்டுமானமே!

அமெரிக்காவின் மிச்சிகன் போன்ற குளிர் மாநிலங்களில் இது இப்போது சாதாரணக் காட்சி. இந்தக் குடிலுக்கு ‘ஹை டனல்’ என்று பெயர். ‘ஹூப் ஹவுஸ்’ என்றும் சொல்வார்கள். ஓசூர் பக்கம் போனவர்கள் பார்த்திருக்கும் பாலிஹவுஸுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால், அதைவிட எளிமையானது. பயிர் வளர்வது தொட்டியில் அல்ல, நேராக நிலத்து மண்ணில். சூடேற்றுவது சூரியன். காற்றோட்டத்துக்கு, பக்கவாட்டு ஷீட்டைக் கையால் சுருட்டி மேலே ஏற்றினால் போதும்.

கண்ணாடி வாங்கக் காசில்லாததால் பிறந்த யோசனை இது. கென்டக்கி பல்கலைக்கழகப் பேராசிரியர் எமரி எம்மர்ட், கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி 1948-ல் ஒரு பசுமைக்குடில் கட்டினார். இன்றைய பிளாஸ்டிக் குடில்களுக்கெல்லாம் அதுதான் முன்னோடி.

ஏன் புது விவசாயிகளுக்கு?

2022-ம் ஆண்டு கணக்கெடுப்பின்படி, அமெரிக்க விவசாயிகளின் சராசரி வயது 58.1. அதேசமயம், பத்தாண்டு அல்லது அதற்கும் குறைவான அனுபவம் உள்ளவர்களை அந்நாட்டு அரசு ‘புது விவசாயி’ என்று கணக்கிடுகிறது. அப்படிப்பட்டவர்கள் 10 லட்சத்துக்கும் அதிகம். இவர்களில் பலருக்கு அப்பா, தாத்தா விட்டுப்போன நிலம் இல்லை. சொல்லித்தர வீட்டில் ஆளும் இல்லை. குத்தகை நிலம், கடன், தெரியாத மண்... இந்த நிலையில், வருடத்தில் ஐந்தாறு மாதங்கள் மட்டும் விற்பனை என்றால் குடும்பம் எப்படி ஓடும்?

அந்த இடைவெளியைத்தான் ஹை டனல் நிரப்புகிறது. 30 அடி அகலம், 96 அடி நீளம் என்பது பரவலாகக் கட்டப்படும் அளவு. நம் கணக்கில் சுமார் ஆறரை சென்ட். தக்காளி சில வாரங்கள் முன்னதாகவே சந்தைக்கு வரும். அது முடிந்த இடத்தில் குளிர்காலக் கீரை தொடரும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாணவர் இயற்கைப் பண்ணை இப்படி விளைவித்து, சந்தா கட்டிய குடும்பங்களுக்கு வருடத்தில் 48 வாரங்கள் காய்கறி கொடுத்துக் காட்டியது. புதியவர்களுக்கு விவசாயப் பயிற்சியும் அங்கே நடந்தது.

அரசும் கை கொடுக்கிறது. அமெரிக்க வேளாண் துறை 2009 டிசம்பரில் ஹை டனல்களுக்கான உதவியைச் சோதனைத் திட்டமாக அறிவித்தது. பிறகு அது நிலையாகவே தொடர்ந்தது. வழக்கமாகக் குடிலைக் கட்டி முடித்த பிறகுதான் பணம் வரும். கையில் முதலே இல்லாத புது விவசாயி என்ன செய்வார்? அதற்காகவே அவர்களுக்குக் கூடுதல் விகிதத்தில் உதவி உண்டு. தொகையில் பாதியையாவது முன்பணமாகக் கேட்டு வாங்கவும் முடியும். ஆனால், அந்த முன்பணத்தை 90 நாள்களுக்குள் செலவழித்தாக வேண்டும். நிலம் தன் பொறுப்பில் இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். குத்தகைக்காரர்களுக்குச் சிக்கல் வருவது இங்கேதான்.

பயிற்சியில் என்ன சொல்லித்தருகிறார்கள்?

குழாயை வளைத்து நட்டு, ஷீட் போர்த்துவது சில நாள் வேலை. அதற்குப் பிறகுதான் உண்மையான பாடம் ஆரம்பிக்கிறது.

முதல் பாடம், கதவைத் திறப்பது. ‘குளிருக்குத்தானே குடில்’ என்று நினைப்பவர்கள் முதல் வருடமே மாட்டிக்கொள்வார்கள். பிப்ரவரியில் வெளியே உறைபனி இருந்தாலும், வெயில் அடித்தால் உள்ளே கிடுகிடுவென சூடு ஏறும். பக்கவாட்டைத் திறக்க மறந்து வெளியூர் போனால், திரும்பி வரும்போது நாற்றுகள் வெந்து கிடக்கும். தக்காளிப் பூவும் 32 டிகிரிக்கு மேல் சூடு நீடித்தால் காய் பிடிக்காமல் உதிரும். அதனால் குடிலுக்குள் ஒரு வெப்பமானி, பக்கத்தில் ஒரு நோட்டு. தினமும் எழுத வேண்டும்.

இரண்டாவது, விதைக்கும் தேதி. மிச்சிகனில் நவம்பர் இரண்டாவது வாரம் முதல் பிப்ரவரி முதல் வாரம் வரை பகல் பொழுது பத்து மணி நேரத்துக்கும் குறைவு. அந்த நாள்களில் செடி உயிரோடு இருக்கும், ஆனால் அநேகமாக வளராது. எனவே, கோடையின் கடைசியிலேயே விதைத்து, நவம்பருக்குள் கீரையை முக்கால்வாசி வளர்த்துவிட வேண்டும். குளிர்காலத்தில் குடில் வேலை செய்வது வயலாக அல்ல, குளிர்சாதனப்பெட்டியாக!

மூன்றாவது, போர்வைக்குள் போர்வை. ஒற்றை ஷீட்டால் இரவுக் குளிரை அதிகம் தடுக்க முடியாது. எனவே, குடிலுக்குள்ளேயே சிறு கம்பி வளைவுகள் வைத்து, அதன்மேல் மெல்லிய துணியையும் போர்த்துகிறார்கள். மெயின் மாநில விவசாயி எலியட் கோல்மன் தன் புத்தகங்கள் மூலம் பரப்பிய முறை இது. காலையில் உறைந்து நிற்கும் கீரையைத் தொடக் கூடாது. வெயில் ஏறி, இலை இளகிய பிறகே அறுக்க வேண்டும்.

நான்காவது, மண். குடிலுக்குள் மழை விழாது. சொட்டுநீரை நம்பியே பயிர். மழை கழுவிக்கொண்டு போகாததால், உரத்தின் உப்பு மேல்மண்ணில் தங்கும். லாபம் வருகிறதே என்று வருடா வருடம் தக்காளியையே நட்டால் நோயும் மண்ணிலேயே தங்கிவிடும். இலை நனையாததால் சில பூஞ்சை நோய்கள் குறையும் என்பது உண்மை. ஆனால் அசுவினி, வெள்ளை ஈ, சிலந்திப்பேன் ஆகியவற்றுக்கு அந்தக் கதகதப்பு கொண்டாட்டம். மண் பரிசோதனையும் பயிர் சுழற்சியும் இங்கே கட்டாயம்.

ஐந்தாவது, இரவு விழிப்பு. ஈரப்பனி கூரையில் சேர்ந்தால் குழாய்களே மடங்கிவிடும். நடு இரவிலும் எழுந்து போய்த் தள்ளிவிட வேண்டும். பலத்த காற்று, சரியாக ஊன்றாத குடிலைத் தூக்கி எறியும். பிளாஸ்டிக் ஷீட்டையும் சுமார் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இந்தச் செலவை முதல் நாளே கணக்கில் எழுதாதவர்கள் பிறகு திண்டாடுவார்கள்.

கட்டுவதற்கு முன்...

‘யாருக்கு விற்கப்போகிறீர்கள்?’ இந்தக் கேள்விக்கு முதலில் பதில் வேண்டும். குளிர்காலச் சந்தையோ, சந்தா கட்டும் குடும்பங்களோ கைவசம் இல்லாவிட்டால், ஜனவரிக் கீரையும் குப்பைக்குத்தான் போகும். அதனால் புதியவர்கள் வேறொருவர் குடிலில் ஒரு வருடம் வேலை பார்ப்பது நல்லது. பிறகு ஒரே ஒரு குடிலோடு தொடங்கலாம்.

தமிழ்நாட்டிலும் நிழல்வலைக்குடில், பசுமைக்குடில் அமைக்க மானியம் கிடைக்கிறது. நம் ஊரில் எதிரி பனி அல்ல, வெயிலும் மழையும். கட்டுமானமும் பயிரும் மாறும். ஆனால், விண்ணப்பம் போடும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை இங்கும் அவைதான்: யார் வாங்குவார்கள், தினமும் உள்ளே போய்ப் பார்க்க ஆள் இருக்கிறதா, ஷீட் கிழியும் வருடத்துக்குப் பணம் எங்கே? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால், தைரியமாகக் குழி தோண்டலாம்!