முடிவு தெரிந்த சண்டை

மல்யுத்த வீரர்களின் படம் போட்ட சீட்டுக்கட்டில் ‘ரேங்க்’ சொல்லி அட்டைகளைப் பிடுங்கியவர்களுக்கு இந்த வரிசை புரியும். முடிவை முன்பே எழுதிவைத்து மோதுகிறார்கள். சரி, அதை எப்படி எழுதினார்கள் என்பதுதானே கேள்வி?

அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்று டபிள்யூ.டபிள்யூ.ஈ.) 1985இல் தொடங்கிய ரெஸில்மேனியாக்களில் கடைசி இடம் 1993க்கு. லாஸ் வேகாஸில் திறந்தவெளி அரங்கு, வர்ணனையாளர்களுக்கு ரோமானிய அங்கி. கோமாளித்தனத்தைக்கூட மன்னிக்கலாம். பிரெட் ஹார்ட் கண்ணில் உப்பை வீசி யோகோசூனாவைப் பட்டம் வெல்லவைத்தார்கள். உடனே, அந்தப் பட்டத்துக்குப் போட்டியிடாத ஹல்க் ஹோகன் வந்து 22 விநாடியில் அதைத் தட்டிச் சென்றார். ஹார்ட்டை நம்பி உட்கார்ந்திருந்த ரசிகர் என்ன பாவம் செய்தார்?

1986 கொஞ்சம் மேல். மூன்று நகரங்களில் பிய்த்துப் போட்ட நிகழ்ச்சி. டிக்கெட் வாங்கியவர்கள் மீதியைத் திரையில் பார்த்தார்கள்.

1987க்கு 93,173 பேர் வந்ததாக நிறுவனம் சொல்கிறது, நம்பாதவர்கள் உண்டு. முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்த ராட்சதர் ஆந்த்ரேயை ஹோகன் தூக்கிப் போட்ட காட்சிதான் பிரசித்தம். எனக்கோ, அதே நாளில் ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மோதிய கால் மணி நேரம்தான் உசத்தி.

தனி மோதல் என்றால் 1997: ரத்தம் வழிய, தோல்வியை ஒப்புக்கொள்ளாமலே மயங்கினார் ஸ்டீவ் ஆஸ்டின். தோற்றவர் நாயகனானார், வென்ற ஹார்ட் வில்லனானார். மற்றவை சுமார்.

முதலிடம் 2001, ஹூஸ்டன். ராக்கை வீழ்த்த, ஜென்ம விரோதியான முதலாளி வின்ஸ் மக்மஹோனுடனேயே கைகோத்தார் ஆஸ்டின். துரோகிதான். சொந்த மாநிலமான டெக்சஸ் கூட்டம் அப்போதும் அவருக்கே ஆரவாரம் செய்தது.