விடுப்புக் கடிதத்தில் எழுதப்படாத காரணம்

நம் பள்ளிகளில் விடுப்புக் கடிதத்துக்கு என்றே ஒரு வாசகம் இருக்கிறது. எனக்கு உடல்நிலை சரியில்லாத காரணத்தால் இன்று ஒருநாள் விடுப்பு தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்து திருந்துவதற்கு முன்பே மனப்பாடமாகிவிடும் இந்த வாசகம் பத்தாம் வகுப்பு வரை மாறுவதில்லை.

அதை எழுதும் பிள்ளைகளில் சிலருக்கு அன்று உடம்பில் ஒரு குறையும் இருந்திருக்காது. முடியாமல் போனது வீட்டில் வேறொருவருக்கு. பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கவோ, டயாலிசிஸ் செய்துகொள்ளும் அம்மாவுக்குத் துணையாகப் போகவோ, அடிக்கடி வலிப்பு வரும் தம்பியின் பக்கத்திலேயே இருக்கவோ அந்த நாள் போயிருக்கும். உண்மையை எழுதினால், "ஏன், வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?" என்று ஆசிரியர் கேட்பார். இல்லை என்பதுதான் பதில். அதை வகுப்பின் நடுவே சொல்லக் கூசித்தான் பிள்ளை தன்னையே நோயாளியாக எழுதிக்கொள்கிறது.

நோயுற்ற பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் உடன்பிறந்தவர்களையும் பராமரிக்கும் பொறுப்பு முழுவதையும் சுமக்கும் குழந்தைகள் தமிழ்நாட்டில் எத்தனை பேர்? இந்தக் கேள்வியைக் கேட்கும் படிவம் எந்தத் துறையிடமும் இல்லை. அந்தக் கணக்கை எடுப்பதும், கணக்கில் வரும் ஒவ்வொரு வீட்டுக்கும் பராமரிப்பைக் கையிலெடுக்க ஒரு பெரியவரை அனுப்புவதும் அரசின் கடமை என்று நாம் கருதுகிறோம்.

இது என்ன வேலை என்பதை முதலில் பார்க்க வேண்டும். படுத்த படுக்கையாகக் கிடப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிடாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வைக்கும். இரவும் அப்படித்தான். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி நடுநிசியில் இரண்டு முறை எழுந்து, தன்னைவிட இரு மடங்கு எடையுள்ள உடலைத் தள்ளிப் புரட்டிவிட்டுக் காலையில் கணக்குப் பாடத்தில் தூங்கி விழுகிறாள். சிறுநீர்ப் பையைக் காலி செய்வது, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றுவது, இன்சுலின் அளவு பார்த்து ஊசி போடுவது, இவையெல்லாம் ஒரு செவிலியர் ஆண்டுக்கணக்கில் படித்துச் செய்யும் வேலைகள். பிள்ளை மருத்துவமனையில் பக்கத்தில் நின்று ஒருமுறை பார்த்ததைக் கொண்டு செய்கிறது. தவறிவிடுமோ என்ற பயமும் அதற்கு உண்டு. அந்தப் பயத்தைச் சொல்லிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்குச் செலவில்லை. ஆனால் "கூட யார் வந்திருக்கீங்க?" என்று கேட்கும்போது போய் நிற்பது யார்? ஒருவர் படுத்துவிட்ட வீட்டில் இன்னொருவர் கூலிக்குப் போயாக வேண்டும். மிச்சம் இருப்பது பிள்ளை.

அதிலும் பெரும்பாலும் பெண்பிள்ளை. தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும் ஆண்கள் 97 நிமிடங்களையும் அதற்குச் செலவிடுவதாகச் சொன்னது. அம்மா படுக்கையில் விழும் நாளில் அந்த நிமிடங்கள் யார் தலையில் இறங்கும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. அண்ணன் கல்லூரிக்குப் போவான், தங்கை பள்ளியை விட்டு நிற்பாள்.

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்தால் நாம் பாராட்டுகிறோம். 2020 மே மாதம், ஊரடங்கின்போது, பதினைந்து வயது பீகார் சிறுமி ஒருத்தி காயம்பட்ட தந்தையைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து, குருகிராமிலிருந்து தர்பங்கா வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் மிதித்து வந்தாள். நாடே வியந்தது. சைக்கிள் கூட்டமைப்பு தேர்வுக்கு வரச் சொன்னது. மறு ஆண்டு தேசிய விருதும் கிடைத்தது. அந்தத் தந்தையை ஊர் சேர்க்க ஒரு வண்டி ஏன் இல்லை என்ற கேள்வி பாராட்டு மழையில் கரைந்துபோனது. பெற்றோரைக் காவடியில் சுமந்த சிரவணனையும் நாம் இப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறோம். தண்ணீர் மொள்ளப் போன பிள்ளை திரும்பவில்லை என்பதும், அந்தத் துயரில் பெற்றவர்களும் மாண்டார்கள் என்பதும் அதே கதையில்தான் இருக்கின்றன.

சட்டங்களின் நிலைமை இதைவிடக் கவலையளிக்கிறது. பள்ளி நேரம் போகவும், விடுமுறை நாட்களிலும் குடும்பத்துக்கு உதவுவது குழந்தைத் தொழிலாகாது என்கிறது குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம். ஆனால் பராமரிப்புக்குப் பள்ளி நேரம் தெரியாது. அது தொழில் என்றும் கருதப்படாததால் எந்த ஆய்வாளரும் அந்த வீட்டுக் கதவைத் தட்டமாட்டார். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை காக்கிறது. பெற்றவரைத் தூக்கி உட்காரவைக்கும் பலம் பிள்ளையின் கைக்கு வரும் வயதில் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது.

இத்தனைக்கும் உதவிக்கான வழிகள் பாதி போட்டுவைக்கப்பட்டுள்ளன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. இயன்முறை மருத்துவரும் வலிநிவாரணச் செவிலியரும் வருகிறார்கள். நோயாளியின் பக்கத்தில் நிற்கும் பிள்ளையை அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். பதிவேட்டில் நோயாளியின் ரத்த அழுத்தம் ஏறுகிறது, பிள்ளையின் பெயர் ஏறுவதில்லை. மறுபக்கம் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் உண்டு, அன்றாட வருகைப் பதிவும் உண்டு. அதில் பிள்ளை வராதது தெரியும், ஏன் வரவில்லை என்பது தெரியாது. ஒரே தெருவில் ஒரே வீட்டைப் பற்றி இரண்டு துறைகளும் பாதிப் பாதி உண்மையை வைத்துக்கொண்டு ஒன்றோடொன்று பேசாமல் இருக்கின்றன.

உதவித்தொகையும் இருக்கிறது. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், உயிருக்கு ஆபத்தான நோயுற்ற அல்லது பராமரிக்க இயலாத பெற்றோரின் பிள்ளைகளுக்கு மாதம் ₹4,000 தர வழியுண்டு. கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் ₹72,000க்கும், பிற இடங்களில் ₹96,000க்கும் மேல் போகக் கூடாது. ஆண்டு முழுவதும் தொடர்ந்து வேலைக்குப் போகும் கூலித் தொழிலாளியே இந்த வரம்பைத் தாண்டிவிடுவார். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்துக்கும், மருத்துவச் சான்றுக்கு மருத்துவமனைக்கும், விண்ணப்பத்தோடு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் அலைய வேண்டியதும் பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கென மாநில அரசு 2025இல் தொடங்கிய மாதம் ₹2,000 வழங்கும் அன்புக்கரங்கள் திட்டம் மனமார வரவேற்க வேண்டியது. ஆனால் தாயும் தந்தையும் உயிரோடிருந்து, அவர்களில் ஒருவரைத் தானே பார்த்துக்கொள்ளும் பிள்ளையும் அந்த அக்கறைக்கு உரியதே.

"பெற்றவங்களைப் பிள்ளை பார்க்காம வேற யார் பார்ப்பாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் இருக்கும் பாசத்தை நாம் மதிக்கிறோம். பாட்டிக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பதும் அப்பாவின் காலைப் பிடித்துவிடுவதும் ஒரு பிள்ளை வளரும் விதம். தான் நகர்ந்தால் ஓர் உயிர் போய்விடும் என்ற நினைப்போடு வகுப்பில் உட்கார்ந்திருப்பது அதுவல்ல. உதவி செய்யும் பிள்ளையைப் பற்றி நாம் பேசவில்லை. தன்னைத் தவிர ஆளில்லாத பிள்ளையைப் பற்றிப் பேசுகிறோம்.

இன்னொரு அச்சமும் உண்மையானது. வெளியே தெரிந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் இல்லத்தில் சேர்த்துவிடுவார்களோ என்று பல குடும்பங்கள் வாயைத் திறப்பதில்லை. ஆகவே எந்தக் கணக்கெடுப்பும் ஒரு வாக்குறுதியோடு தொடங்க வேண்டும்: பராமரிப்புப் பொறுப்பைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையும் வீட்டிலிருந்து பிரிக்கப்படாது. பிள்ளையை வெளியே எடுப்பது தீர்வல்ல. பெரியவர் ஒருவரை உள்ளே அனுப்புவதுதான் தீர்வு. சுய உதவிக் குழுக்களில் உள்ள பெண்களுக்கு வீட்டுப் பராமரிப்புப் பயிற்சியும் நியாயமான கூலியும் கொடுத்து, பள்ளி நேரத்தில் இந்த வீடுகளுக்கு அனுப்பலாம். டயாலிசிஸ் பிரிவுகளில் துணைக்கு நிற்க மருத்துவமனையே ஆள் வைக்கலாம். இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டம், பராமரிக்கும் குழந்தைக்கு என்ன தேவை என்று மதிப்பிடும் கடமையை உள்ளாட்சிகள் மீது வைத்தது. நம்மிடம் அப்படிச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.

வரும் ஜூனில் பள்ளிகள் திறக்கும்போது எமிஸ் தளத்தில் ஒரு கேள்வி கூடுதலாக இருக்கட்டும்: வீட்டில் யாரையாவது நீ பார்த்துக்கொள்கிறாயா? அதை வகுப்பறையில் கையைத் தூக்கச் சொல்லிக் கேட்கக் கூடாது. வகுப்பாசிரியர் தனியாக அழைத்து, பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். ஆம் என்று பதில் வந்தால் அந்த வாரத்துக்குள் சுகாதாரத் தன்னார்வலர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். அந்தப் பிள்ளையின் வருகைப் பதிவில் சில நாட்கள் குறைந்தால் தேர்வு எழுத அது தடையாகக் கூடாது. விடுப்புக் கடிதத்தில் 'அம்மாவைப் பார்த்துக்கொள்ள' என்று எழுதியிருந்தால் அதுவும் ஏற்கத்தக்க காரணமே என்று தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போகட்டும்.