எண்ணூர் ஆவணங்கள் யார் கணக்கில் இருக்கின்றன?

2017 ஜனவரி 28 அதிகாலையில், சென்னைக்கு வடக்கே எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டதில் கடலில் எண்ணெய் கசிந்தது. எர்ணாவூர்க் கரையில் மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளிவாளியாக எண்ணெய்ச் சேற்றை அள்ளிக்கொண்டிருந்த நாட்களில், எவ்வளவு கசிந்தது என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு வந்தது. முதலில் சொன்ன அளவைவிடப் பிந்தைய அறிக்கைகளில் இருந்தது பல மடங்கு. இன்று அந்தக் கசிவைப் பற்றி எழுதுகிறவர் எந்தத் தேதியிட்ட அறிக்கையை வைத்திருக்கிறாரோ, அதைப் பொறுத்துத்தான் அவர் தரும் எண்ணும் இருக்கும். ஒரே கட்டுரையை எழுதும் இருவர் இரண்டு பிடிஎஃப்களை வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நம் இதழின் மதிப்பீட்டாளர்கள் நன்றாகவே அறிவார்கள்.

எண்ணூரை ஆய்வு செய்யும் குழுக்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பவை அல்ல. பல்கலைக்கழக வேதியியலாளர், தனியார் கல்லூரி விலங்கியல் ஆசிரியர், பசுமைத் தீர்ப்பாயத்தில் வாதாடும் வழக்கறிஞர், கழிமுகத்தை அங்குலம் அங்குலமாக அறிந்த மீனவர் சங்கத்துக்காரர் என்று பலரும் கலந்திருப்பார்கள். இவர்களிடையே கோப்புகள் வாட்ஸ்அப்பிலும் பென்டிரைவிலும்தான் சுற்றுகின்றன. வாட்ஸ்அப்பில் வந்த கோப்பு எங்கிருந்து வந்தது, எப்போது இறக்கியது என்ற விவரம் இரண்டாம் கைக்குப் போகும்போதே தொலைந்துவிடும்.

ஸோட்டேரோ, மெண்டலி, எண்ட்நோட் போன்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருள்களை நம்மில் பலர் கட்டுரையின் கடைசிப் பக்கத்தை ஒழுங்குபடுத்த மட்டுமே பயன்படுத்துகிறோம். எண்ணூருக்கு அவற்றின் பெரும்பயன் வேறு: ஆய்விதழ்களில் வராத ஆவணங்களைச் சேர்த்துவைப்பது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணைகள், தீர்ப்பாயம் அமைத்த குழுக்களின் அறிக்கைகள், தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதில்கள் எல்லாம் இந்த வகை. ஆய்விதழ்க் கட்டுரையை இன்று தொலைத்தால் நாளை மறுபடி இறக்கலாம். அரசு இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்ட அறிக்கையை அப்படி மீட்க முடியாது. 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடற்கரை மண்டல மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் இருக்கிறது. 2017-இல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக வெளிவந்த வரைபடத்தில் அது இல்லை. பழைய வரைபடத்தின் நகலைச் சிலர் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்க முடிந்தது.

ஆகவே இந்த மென்பொருள் ஒன்றில் குழுவினர் அனைவருக்கும் பொதுவான ஒரு நூலகம் வேண்டும். ஆனால் அதை எப்படி அமைப்பது என்பதில்தான் குழுக்கள் சறுக்குகின்றன. ஸோட்டேரோவையே எடுத்துக்கொள்வோம், இலவசம் என்பதால் நம்மவர்கள் அதிகம் நாடுவது அதைத்தான். அதில் உங்கள் சொந்த நூலகத்திலிருந்து ஒரு பதிவைக் குழு நூலகத்துக்கு இழுத்துப் போட்டால் அது தனி நகலாகிவிடும். பிறகு ஒன்றில் செய்யும் திருத்தம் மற்றொன்றுக்குப் போகாது. ஒருவர் சொந்த நூலகத்திலிருந்தும் இன்னொருவர் குழு நூலகத்திலிருந்தும் மேற்கோள் இட்டால், ஒரே அறிக்கை துணைநூற்பட்டியலில் இரண்டு முறை தலைகாட்டும். கூட்டாக எழுதும் கட்டுரைக்குக் குழு நூலகத்திலிருந்து மட்டுமே மேற்கோள் இடுவது என்று முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் உரிமை. ஸோட்டேரோவின் இலவசக் கணக்கில் கிடைக்கும் சேமிப்பிடம் 300 எம்பி. குழுவில் யார் எந்தக் கோப்பைச் சேர்த்தாலும் அது குழு உரிமையாளரின் இடத்தைத்தான் தின்னும். துறைமுக விரிவாக்க அறிக்கைகள் இரண்டு மூன்றைப் போட்டாலே நிரம்பிவிடலாம். அந்த உரிமையாளர் பெரும்பாலும் யார்? குழுவிலேயே இளையவரான ஆய்வு மாணவர். கல்லூரி மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கியிருப்பார். பட்டம் வாங்கிய பின் அந்த முகவரி முடக்கப்பட்டு, கடவுச்சொல்லும் மறந்துபோனால் குழுவின் சாவியே தொலைந்த மாதிரிதான். உரிமையை வேறொருவருக்கு மாற்றும் வசதி குழு அமைப்பிலேயே இருக்கிறது. மாணவர் விடைபெறும் முன் வழிகாட்டி அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஆய்வகச் சாவியைத் திரும்பக் கேட்க மட்டும் வழிகாட்டி மறப்பதில்லை!

தமிழ் ஆவணங்களுக்குத் தனிக் கவனம் தேவை. வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான அரசாணைகள் திரையில் தமிழாகத் தெரியும்; தேடினால் ஒரு சொல்லும் சிக்காது. யூனிகோடில் ஒரு சுருக்கத்தைக் குறிப்பாகச் சேர்த்துவைத்தால் தேடலில் கிடைக்கும். கொசஸ்தலையாறு, கொற்றலையாறு என்று ஆற்றின் பெயரே பலவாறாகக் கிடப்பதால், எல்லா வடிவங்களுக்கும் பொதுவாக ஒரே குறிச்சொல் இடுங்கள். தந்தை பெயரை முதலெழுத்தாகக் கொண்ட நம் பெயர்களைக் குடும்பப் பெயர், முன்பெயர் என்று இரண்டாக வெட்டாமல் ஒற்றைப் புலத்தில் இடும் வசதியும் ஸோட்டேரோவில் உண்டு.

காசு கட்டிப் படிக்கும் இதழ்களின் பிடிஎஃப்களைப் பகிர்வதில் என் கருத்து சற்றுக் கறாரானது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. தனியார் கல்லூரி ஆசிரியரும் மீனவர் சங்கமும் அதற்கு வெளியேதான் நிற்கிறார்கள். அநீதிதான். அதற்காகச் சந்தாவில் இறக்கிய கோப்புகளைக் குழுவில் கொட்டி, பொது நூலகத்தையே ஆபத்தில் மாட்டிவிட வேண்டாம். பதிவும் உங்கள் குறிப்பும் குழுவில் இருக்கட்டும்; கட்டுரையின் நகலை ஆசிரியருக்கு எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் அனுப்பிவைப்பார்கள். எண்ணூர்வாசிகளின் நேர்காணல் பதிவுகளும் உடல்நலத் தரவுகளும் இந்த நூலகத்துக்குள் வரவே கூடாது.

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பற்றிய கட்டுரைகளை இனி நமக்கு அனுப்புகிறவர்கள், தங்கள் குழு நூலகத்தின் உரிமையாளர் யார், மாற்று உரிமையாளர் யார் என்று முகப்புக் கடிதத்தில் இரண்டு வரி எழுதுங்கள். மேற்கோள் காட்டும் ஒவ்வொரு அரசு ஆவணத்துக்கும் அதை இறக்கிய தேதியையும் சேர்த்து அனுப்புங்கள்.