வெள்ளம் மட்டுந்தானா வங்கதேசம்?

வங்கதேசம் என்றதும் நம் வகுப்பறைகளிலே மாணவன் தரும் விடை யாது? வெள்ளம், புயல், வறுமை, மக்கள் நெருக்கம். இந்நான்கையும் ஒப்புவித்துவிட்டால் மதிப்பெண் முழுதும் கிட்டும். வீதிக்கு வந்தாலோ, ஐந்தாவதாக ஒரு சொல்லைக் காதில் ஓதுகிறார்கள்: ஊடுருவல்காரர்! பாடநூல் ஊட்டுவது பரிதாபம். வீதி ஊட்டுவது வெறுப்பு. இரண்டையும் ஈன்ற தாய் அறியாமை.

அண்டைவீட்டானின் கூரை ஒழுகுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அவனை அறிந்தவராவோமா? அவன் பிள்ளை எங்கே படிக்கிறது என்று கேட்க வேண்டாமா?

சலன் பில் என்றொரு பெருஞ்சதுப்பு நிலம் அந்நாட்டிலே உண்டு. மழைக்காலத்தில் பாதை மூழ்கும், பள்ளி மூடும். முகம்மது ரெஸ்வான் எனும் கட்டடக் கலைஞர் 2002ஆம் ஆண்டு படகையே பள்ளியாக்கினார். கரைதோறும் நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஓரிடத்தில் நிலைகொண்டு பாடம் நடத்தி, மீண்டும் வீட்டருகே இறக்கிவிடுகிறது அப்படகு. கூரையிலே சூரிய ஒளித் தகடு; உள்ளே நூலகம்! வெள்ளத்தைப் படம் வரையச் சொல்லும் நம் ஆசிரியர், அதன்மேல் மிதக்கும் பள்ளியையும் வரையச் சொன்னாரில்லையே, ஏன்?

பிராக் எனும் அமைப்பு 1985இல் 22 ஓரறைப் பள்ளிகளைத் தொடங்கிற்று. ஓர் அறை, முப்பது பிள்ளைகள், பெரும்பாலும் அவ்வூரிலேயே வாழும் ஓர் ஆசிரியை. பெற்றோரைக் கலந்து பள்ளி நேரத்தை வகுத்தார்கள். ஏழையின் வீட்டு வேலையறிந்து மணியடித்த பள்ளி அது! (நம் கல்வி அதிகாரிகள் இவ்வரியை இருமுறை படிப்பாராக.)

1994இல் அரசு, சிற்றூர்ப் பெண்களின் உயர்நிலைக் கல்விக்கு நாடெங்கும் உதவித்தொகை அளித்தது. நிபந்தனை மூன்று: வருகை நூற்றுக்கு 75, மதிப்பெண் 45, மூன்றாவதாக, மணமாகாதிருத்தல்! மணப்பந்தலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு சிறு தொகையை வைத்து, “தந்தையே, எது வேண்டும்?” என்று கேட்டது அரசு. உயர்நிலைப் பள்ளிகளில் ஆண்களை விஞ்சினர் பெண்கள். ஆயினும், ஏறத்தாழப் பாதிப் பெண்களுக்குப் பதினெட்டு நிரம்புமுன்னரே மணம் முடிக்கும் கொடுமை அங்கே இன்னும் ஒழியவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். படித்த பெண்ணையும் பிடித்திழுக்கும் அந்தப் பழமை எங்கிருந்து வலிமை பெறுகிறது என்று மாணவனைக் கேளுங்கள். அவன் தன் ஊரையும் திரும்பிப் பார்ப்பான்.

பிப்ரவரி 21! உலகத் தாய்மொழி நாள் என்று நம் பள்ளிகளிலும் பேச்சுப்போட்டி நடக்கிறது. 1952இல் அந்நாளில்தான் வங்கமொழிக்கு உரிமை கேட்ட மாணவர்கள் டாக்காவிலே சுடப்பட்டு மாண்டனர் என்பதை மேடையேறும் சிறுவனுக்கு யார் சொன்னார்?

பேகம் ரொக்கையாவையேனும் சொன்னார்களா? இன்றைய வங்கதேசத்தின் ரங்கப்பூர்ப் பகுதியிலே 1880இல் பிறந்தவர். கல்கத்தாவில் 1911இல் எட்டே மாணவியரோடு பெண்கள் பள்ளி நடத்தத் துணிந்தவர். ஆடவரைத் திரைக்குள் அமர்த்திவிட்டுப் பெண்கள் அறிவியலால் நாடாள்வதாக ‘சுல்தானாவின் கனவு’ எனும் கதை புனைந்தவர். 1905இல் அக்கதை அச்சேறியது எங்கே தெரியுமா? கல்கத்தாவில் அன்று, டாக்காவில் அன்று. நம் சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு மகளிர் இதழில்! சென்னை மாணவனோ இன்றும் வெள்ளம், புயல், வறுமை என்று ஒப்புவித்துக்கொண்டிருக்கிறான்.