மையும் கையும்

நுழையும்முன்

எழுதுவதற்கு எத்தனையோ கருவிகள் வந்துவிட்ட பின்னரும் சிலர் மைப்பேனாவைக் கைவிட மறுக்கின்றனர். அது வெறும் பழைமைப் பற்றா, நாம் இழக்கக் கூடாத பண்பு ஏதேனும் அதில் உண்டா? திருவாரூரிலிருந்து தொடங்கி இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

கையெழுத்து ஏடு கண்ட ஊர்

ஆழித்தேருக்கும் கமலாலயத்திற்கும் பெயர்பெற்ற திருவாரூருக்கு எழுத்தின் வரலாற்றிலும் ஓர் இடமுண்டு. திருக்குவளையில் 1924இல் பிறந்த மு. கருணாநிதி, திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்தபோதே 'மாணவநேசன்' என்னும் கையெழுத்து ஏட்டை நடத்தினார். அவர் 1942இல் தொடங்கிய 'முரசொலி'யும் அம்மண்ணில் பிறந்ததே. கையெழுத்து ஏட்டிற்கு அச்சகம் கிடையாது, விரல்களே அச்சகம். பத்துப் பேர் படிக்க வேண்டுமாயின் பத்துப் படிகளையும் கையாலேயே எழுதியாக வேண்டும். ஒரு சொல்லைப் பத்து முறை எழுத நேர்பவர் வீண்சொல் எழுதத் தயங்குவார். முதுமையிலும் அவர் வாலிட்டி என்னும் இந்திய மைப்பேனாவையே விரும்பி வைத்திருந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி.

கைக்குப் பழகும் கருவி

அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மன் 1884இல் மைப்பேனாவிற்குக் காப்புரிமை பெற்றார். மை சீராக இறங்க, இறங்கிய மையின் அளவுக்குக் காற்று உள்ளே செல்ல வேண்டும். முள்ளுக்கு அடியிலுள்ள சிறு கட்டையின் நுண்ணிய பள்ளங்கள் இவ்விரு வேலைகளையும் செய்கின்றன. முள்ளின் நடுவேயுள்ள மெல்லிய பிளவு மையைத் தாளுக்குக் கொண்டு சேர்க்கிறது. எனவே இப்பேனாவை அழுத்தி எழுதத் தேவையில்லை. தாளைத் தொட்டாலே போதும்.

நாள்தோறும் எழுத எழுத, முள்ளின் நுனி எழுதுபவர் பிடிக்கும் சாய்வுக்கு ஏற்பச் சிறிது தேய்ந்து பழகுகிறது. தம் மைப்பேனாவைப் பிறருக்குக் கொடுக்க நம் முன்னோர் தயங்கியது கருமித்தனத்தால் அன்று. வயலுக்குப் பழகிய மண்வெட்டியைப் போல, அது அவர்தம் கைக்குப் பழகிய கருவி.

பேணலால் வரும் உரிமை

மைப்பேனா நம்மிடம் சிறிது உழைப்பைக் கேட்கிறது. மை நிரப்ப வேண்டும். எழுதி முடித்ததும் மூட வேண்டும். அவ்வப்போது கழுவ வேண்டும். முள் பழுதானால் மாற்ற வேண்டும். இவ்வுழைப்பைத் தொல்லை என்போர் உண்டு. அதன் மதிப்பு அங்குதான் பிறக்கிறது என்பேன். விலை கொடுத்ததால் ஒரு பொருள் நம் உடைமையாகிறது; பேணுவதால்தான் அது நம் உறவாகிறது. மை தீர்ந்ததும் குப்பையில் எறியும் பேனாவோடு யாருக்கும் உறவு தோன்றுவதில்லை. எறிந்த நெகிழி மட்டும் மண்ணில் மட்காமல் கிடக்கிறது.

பேனாவைச் செய்வதிலும் இப்பேணல் உண்டு. காந்தியடிகளின் சுதேசிக் குரலால் தூண்டப்பெற்ற கே.வி. இரத்தினம், இராஜமுந்திரியில் 1932இல் பேனாத் தொழிலைத் தொடங்கினார். அவர் செய்தளித்த பேனாவைப் பெற்று, 1935இல் காந்தியடிகள் நன்றிக் கடிதம் எழுதினார். நம் திருவள்ளூரில் கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பரைக் கடைந்து, கையாலேயே பேனா செய்யும் கைவினைஞர்கள் இன்றும் உள்ளனர்.

மறுப்பும் விடையும்

மைப்பேனா சட்டைப்பையைக் கறைப்படுத்தும், மழையில் எழுத்துக் கரையும், இவற்றை மறுப்பதற்கில்லை. குறைந்த விலையில் கிடைத்த பந்துமுனைப் பேனா ஏழை மாணவருக்கும் எழுத்தை எளிதாக்கியது. கைப்பேசியோ கடல் கடந்த மகனின் குரலை நொடியில் தாயிடம் சேர்க்கிறது. இந்நன்மைகளைத் துறக்கச் சொல்வது அறிவுடைமை ஆகாது.

ஆயினும், தட்டச்சு செய்த எழுத்தில் எழுதியவரின் கை தெரிவதில்லை. காவிரிப் படுகையின் பழைய வீடுகளில் தகரப் பெட்டியைத் திறந்தால் நெல் கணக்குக் குறிப்பேடுகளும், மலேயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த கடிதங்களும் கிடைக்கும். அவற்றின் செய்தி என்றோ பயனற்றுப் போயிருக்கும். எனினும் யாரும் அவற்றை எறிவதில்லை. ஓரிடத்தில் மை தடித்திருக்கும். அங்கே எழுதியவர் நின்று யோசித்திருக்கிறார். ஓரிடத்தில் வரி சாய்ந்திருக்கும். அங்கே கை தளர்ந்திருக்கிறது. மறைந்துபோன மனிதரின் உடல் அசைவு அந்த நீல வரிகளில் தங்கியிருக்கிறது. நாளை நம் பிள்ளைகள் திறக்கும் பெட்டியில் இத்தகைய வரிகள் இருக்குமா?

எல்லாவற்றையும் மைப்பேனாவால் எழுத வேண்டியதில்லை. பாட்டிக்கு ஒரு கடிதம், நண்பருக்கு ஒரு வாழ்த்து, நாள்முடிவில் நாட்குறிப்பில் நான்கு வரிகள் ஆகியவற்றையேனும் கையால் எழுதுவோம். வகுப்புதோறும் ஒரு கையெழுத்து ஏடு மலரட்டும். திருவாரூரில் ஒரு பள்ளி மாணவரால் முடிந்தது, இன்றைய மாணவர்க்கும் முடியும்.